சிறுநீரகத்தைச் சூழ்ந்த கொழுப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றுவது எப்படி?

இடுப்பைச் சுற்றி நாடா பிடித்தால் தொப்பையின் அளவு தெரியும். வயிற்றறைக்குப் பின்னால், முதுகெலும்பின் இருபுறமும் இருக்கும் சிறுநீரகங்களைச் சுற்றி எவ்வளவு கொழுப்பு படிந்திருக்கிறது என்பது அதில் தெரியாது. ஒரே இடுப்பளவு உள்ள இருவருக்கும் அது வேறுபடலாம். பொதுவாக ஆண்களுக்குப் பெண்களைவிட அதிகம்.

சிறுநீரகத்தை ஒட்டி ஒரு நார்ச்சவ்வு, அதற்கு வெளியே கொழுப்பு, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்த அட்ரினல் சுரப்பியோடு சேர்த்து எல்லாவற்றையும் போர்த்திய ஜெரோட்டா உறை என்பதே அங்குள்ள அமைப்பு. இரத்தக் குழாய்கள் நுழையும் குழிவுக்குள்ளும் கொழுப்பு உண்டு. இது வேண்டாத சரக்கு அல்ல. சிறுநீரகத்தைத் தாங்குகிறது, அடிபடாமல் காக்கிறது. மிக மெலிந்தவர்கள் சிலருக்கு, எழுந்து நிற்கும்போது சிறுநீரகம் 5 செ.மீ.க்கு மேல் கீழிறங்குவதுண்டு.

கொழுப்பு மிகும்போது தாராளமாக விரிய அங்கே இடமில்லை. அழுத்தம் உள்நோக்கித் திரும்புகிறது. தடித்த சுவருள்ள தமனி அதைத் தாங்கிக்கொள்ளும். மெல்லிய சிரைகளும் நிணநாளங்களும் எளிதில் நசுங்கும். திரவம் வடிவது தடைப்பட்டு, சிறுநீரகத் திசுக்களின் இடைவெளியில் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீர் உருவாகும் நுண்குழல்களில், குறிப்பாக அவற்றின் கொண்டை ஊசி போன்ற ஹென்லே வளைவில், ஓட்டம் மந்தமாகிறது. மெதுவாக ஓடும் நீரிலிருந்து அதிக உப்பு உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்கே திரும்புகிறது.

அடுத்து நடப்பதுதான் விபரீதம். வளைவைத் தாண்டியதும் உப்பின் அளவை அறியும் மாக்குலா டென்சா செல்கள், தம்மை வந்தடையும் உப்பு குறைந்ததை உடலிலேயே உப்பு குறைந்ததாக எடுத்துக்கொள்கின்றன. ரெனின் என்ற நொதி சுரக்கிறது; அதன் தொடர்ச்சியாக ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன்கள் உயர்கின்றன; உப்பும் நீரும் மேலும் தேங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது. கூடவே இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்ச் சுருளான வடிமுடிச்சுக்குள் வரும் தமனி விரிந்து வடிகட்டல் மிகையாகிறது. அதனால் தொடக்க ஆண்டுகளில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினின் அளவு இரத்தத்தில் நன்றாகவே இருக்கும். கிரியாட்டினினை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது தவறு என்பது இதனால்தான். மிகை உழைப்பில் வடிமுடிச்சுகள் சிதைந்து, ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது.

கொழுப்பு இப்படி நசுக்குவது தீங்கு விளையும் வழிகளில் ஒன்று மட்டுமே. பெருத்த கொழுப்புச் செல்கள் கொழுப்பமிலங்களையும் அழற்சிப் பொருட்களையும் வெளிவிடுகின்றன. இன்சுலினுக்குத் துணையான அடிபோனெக்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. இந்தக் கொழுப்பில் நரம்புகளும் அடர்த்தி. எலிகளில் அவற்றின் சமிக்ஞையைத் துண்டித்தபோது உயர்ந்திருந்த இரத்த அழுத்தம் இறங்கியது. மனிதர்களில் இந்தக் கொழுப்பு மிகுந்தவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடின் மிகுதி, யூரிக் அமில மிகுதி, இன்சுலின் எதிர்ப்பு ஆகியவை சேர்ந்து காணப்படுகின்றன. சேர்ந்திருப்பதாலேயே இது மட்டும்தான் காரணம் என்றாகிவிடாது. வயிற்றின் மற்ற உட்கொழுப்பும் பெரும்பாலும் கூடவே வளர்கிறது.

அல்ட்ராசவுண்டில் அளக்கலாம். கருவியை விலாப்புறத்தில் தோலுக்குச் செங்குத்தாக வைத்து, சிறுநீரகப் பரப்பு தோலுக்கு இணையாகத் தெரியும் வரை நகர்த்தி, வயிற்றுத் தசையின் உள்விளிம்பிலிருந்து சிறுநீரகம் வரை அளந்து, இருபுறத்துக்கும் சராசரி எடுப்பார்கள். கருவியைச் சற்று அழுத்தினாலே கொழுப்பு நசுங்கி அளவு குறைந்துவிடும். சி.டி. ஸ்கேன் துல்லியம், ஆனால் இதற்காக மட்டும் கதிர்வீச்சு ஏற்பது சரியல்ல. இத்தனை மி.மீ. தாண்டினால் நோய் என்று எல்லோரும் ஏற்ற வரம்பும் கிடையாது.

ஆகவே தடிமனைத் தேடி அலைவதைவிட விளைவுகளைக் கண்காணிப்பதே பயன் தரும்: இரத்த அழுத்தம், சர்க்கரை, வடிகட்டல் வீதம், சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம். இந்தக் கொழுப்பை மட்டும் கரைக்கும் பயிற்சி எதுவும் இல்லை. மொத்த எடை குறைய உட்கொழுப்பும் குறைகிறது. உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலன் தெரியும். சராசரியாக 1 கிலோ குறைந்தால் மேல் அளவு இரத்த அழுத்தம் சுமார் 1 மி.மீ. பாதரசம் இறங்கும். ஆல்புமின் பரிசோதனைக்குக் காலையின் முதல் சிறுநீரே சிறந்தது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாளின் கடும் உடற்பயிற்சி ஆகியவை அளவைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். எனவே ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் ஒருமுறை 30 மி.கி./கிராமைத் தாண்டினால், அடுத்த 3 முதல் 6 மாதங்களுக்குள் மீண்டும் பார்த்து, மூன்றில் இரண்டு முறையாவது தாண்டியிருந்தால்தான் உறுதி செய்வார்கள்.