இல்லாத விரலை நீட்டி விடும் கருவி

காலை எடுத்த பிறகும் அந்தக் காலில் வலி இருக்கும். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் எதிர்வீட்டு மாமா, கேடிஎம் இரயில் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒருநாள் சொன்னார்: "கட்டை விரல் மடங்கியே கிடக்குதுப்பா. யாராச்சும் நீட்டி விட்டா தூங்கிருவேன்." சொல்லிக்கொண்டே கையைக் கீழே கொண்டுபோனார். கையில் பட்டது மெத்தை விரிப்புதான். வீட்டில் எல்லாரும் பிரமை என்றார்கள். பிரமை இல்லை. மாய உறுப்பு வலி என்று மருத்துவர்கள் சொல்லும் இது, உறுப்பை இழந்தவர்களில் பலருக்கு வருகிற நிஜமான வலி.

நம் சமூகம் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டுக்கும் மேல். முதலில் ஆறாத புண், அடுத்து விரல், அப்புறம் கால் என்று எத்தனை வீடுகளில் பார்த்துவிட்டோம்!

வலி எங்கிருந்து வருகிறது? உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. வீட்டை இடித்த பிறகும் மாநகர மன்றத்தின் வரைபடத்தில் அந்த வீட்டு எண் இருப்பதுபோல, கால் போன பிறகும் அதற்கான இடம் மூளையில் இருக்கிறது. மூளை "விரலை நீட்டு" என்று கட்டளை அனுப்புகிறது. நீட்டியாகிவிட்டது என்று தசையும் சொல்வதில்லை, கண்ணும் சொல்வதில்லை. இந்தக் குழப்பத்தைத்தான் மூளை வலியாக உணர்கிறது என்பது ஒரு விளக்கம்.

தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். கையை இழந்தவர்களின் முன்னால் நிலைக்கண்ணாடி ஒன்றை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி வைத்தார். இரண்டு கையையும் விரிப்பதாக நினைத்து அசைத்தபோது, இறுகிக் கிடந்த மாயக் கை விரிந்ததாகச் சிலர் உணர்ந்தார்கள். ஆனால் தலையைத் திருப்பினால் காட்சி கலைந்துவிடும். இரண்டு காலும் இல்லாதவருக்கோ கண்ணாடியால் பயனே இல்லை.

அங்கேதான், நிஜம்போலவே காட்சி காட்டும் மெய்நிகர் (VR) கருவி உதவிக்கு வருகிறது. முகத்தில் மாட்டும் அந்தப் பெட்டி, இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டுகிறது. மூளை அவற்றைச் சேர்த்து ஆழத்தைப் பார்க்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை உள்ளே இருக்கும் உணரிகள் அளக்க, படம் நொடிக்கு 90 முறை அளவில் மாறிக்கொண்டே இருக்கும். தலை திரும்பிய பிறகு படம் மாற 20 மில்லிநொடிக்கு மேல் ஆகக்கூடாது. தாமதமானால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும், குமட்டும். எல்லாம் சரியாக அமைந்தால், குனிந்து பார்க்கிறவருக்குத் தன் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் தெரியும்.

அந்தக் காலை யார் அசைப்பது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கணுக்காலை அசைக்கும் தசைகளின் மேல்பகுதி, முழங்காலுக்குக் கீழே மிச்சமிருக்கும் துண்டில் இன்னும் இருக்கிறது. இல்லாத பாதத்தை மடக்க முயன்றால் அது இறுகும். மெல்லிய மின்சாரம் எழும். தோலில் ஒட்டிய மின்முனைகள் அதைப் பிடித்துக் கணினிக்கு அனுப்பும். எந்த அலை எந்த அசைவுக்கு என்று கணினி பழகிக்கொண்டு, படத்தில் உள்ள காலை அசைக்கும். இதில் ஏமாற்று இல்லை, மூளை அனுப்பிய கட்டளைக்கே பதில் வருகிறது.

சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல், கையை இழந்து, வேறு சிகிச்சைகளில் குணம் காணாத 14 பேரிடம் இந்த முறையைச் சோதித்தார்கள். முகத்தில் பெட்டி இல்லை. திரையில் தெரியும் அவர்களின் சொந்த உருவத்தோடு ஒரு மெய்நிகர் கையை இணைத்தார்கள். 12 அமர்வுகளில் வலி, ஓர் அளவுகோலின்படி, ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாததால் இதை மட்டும் வைத்துத் தீர்வு கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது கண்ணாடிப் பயிற்சியைப் பற்றிப் பிசியோவிடம் கேளுங்கள். அதற்குச் செலவு அதிகமில்லை. மெய்நிகர் கருவி கிடைத்தால், கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்காரவைத்தே மாட்டுங்கள். வலிப்பு நோய் இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.