முழங்காலில் உட்கார்ந்த மாடல்

வேலூர் பக்கத்து அமிர்திக் காட்டுக்குப் போனது பட்டாம்பூச்சிப் படம் எடுக்க. மர நிழலில் உட்கார்ந்து லென்ஸ் மாற்றுவதற்குள் முழங்காலில் சுருக்கென்றது. காலை பதினோரு மணிக்கே கொசு! அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அதன் கால்களில் வெள்ளை வளையங்கள் தெரிந்ததும் கை கேமராவுக்குப் போய்விட்டது.

நான் கொசுவைத் தேடவில்லை, அதுதான் என்னைத் தேடி வந்தது. மேடேறி மூச்சிரைத்ததில் வெளியேறிய கரியமில வாயுவை, அதன் வாயருகே இருக்கும் குட்டி உணரிகள் பத்து மீட்டருக்கு அப்பாலிருந்தே மோப்பம் பிடித்துவிடும். அந்த வாசம் கிடைத்ததும் கண் கருப்பான உருவத்தைத் தேடும். என் கறுப்பு அரைக்கால் சட்டை வசதியாகப் போயிற்று. கிட்டே வந்தபின் உடல் சூடும் வியர்வையும் வழிகாட்டும்.

என்னிடம் இருந்தது பழைய 50 எம்.எம். லென்ஸ். ரிவர்ஸ் ரிங் போட்டு அதைத் திருப்பி மாட்டினால், ஏறக்குறைய பூச்சியின் நிஜ அளவிலேயே பிம்பம் சென்சாரில் விழும். சிக்கல் அதற்கப்புறம்தான். ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை எஃப் 11 வரை குறுக்கினாலும் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இன்னும் குறுக்கினால் ஒளி விளிம்பில் சிதறி முழுப் படமும் மங்கும். இந்த நிலையில் மூச்சு விட்டாலே கொசுவின் கண் மங்கி கால் தெளிவாகும். அதனால் கொசு உட்கார்ந்த காலிலேயே முழங்கையை ஊன்றினேன். ஆடினால் இரண்டும் சேர்ந்தே ஆடட்டும்! உடம்பு முழுக்க ஒரே தளத்தில் விழும்படி பக்கவாட்டில் எடுத்தேன்.

வெளிச்சத்துக்கு, ட்ரேசிங் பேப்பர் ஒட்டிய ஃப்ளாஷ். விநாடிக்கு ஐந்நூறு தடவை போல அடிக்கும் சிறகு, 1/200 விநாடி ஷட்டருக்குள் இரண்டரை தடவை அடித்துவிடும். குறைந்த சக்தியில் ஃப்ளாஷ் மின்னுவதோ 1/10,000 விநாடிதான். அதில் சிறகு ஏறக்குறைய நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊசி என்று நாம் சொல்வது உண்மையில் உறை. அது தோலுக்குள் போவதில்லை, வில்லாக வளைந்து வெளியேயே நிற்கிறது. உள்ளே போவது ஆறு மெல்லிய ஊசிகள். இரண்டு ரம்பம் போல அறுக்க, இரண்டு சதையை விலக்கிப் பிடிக்க, ஒன்று எச்சில் விட, ஒன்று ரத்தம் உறிஞ்ச. வயிறு மாதுளை முத்து மாதிரி இருந்தது. தன் எடை அளவுக்குக் குடிக்கும் பிறவி.

முதுகில் நடுவே ஒற்றை வெள்ளைக் கோடு இருந்ததால் அது ஆசியப் புலிக்கொசு. யாழ் வடிவக் கோடுகள் இருந்தால் அதன் உறவுக்காரக் கொசு ஏடிஸ் எஜிப்தி. இரண்டுமே டெங்கு பரப்பும். ஆகவே படத்துக்காகக் காலை நீட்டாதீர்கள், எனக்கு நேர்ந்தது தற்செயல். டெங்கு மட்டுமல்ல, இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மனிதர்களிடம் முதலில் தெரியவந்ததே 1955இல், வேலூரை உள்ளடக்கிய அன்றைய வட ஆற்காட்டில்தான். அதைப் பரப்புவது வயல் நீரில் வளரும் க்யூலெக்ஸ் வகைக் கொசு.

இப்போதெல்லாம் குளியலறைச் சுவரில் பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆண் கொசுவைத்தான் எடுக்கிறேன். கடிக்காது. பெண்ணின் சிறகோசையைக் கேட்பதற்கென்றே சாமரம் போல் விரிந்த உணர்கொம்பு அதற்கு. அந்த மயிரிழைகள் எல்லாம் ஒரே படத்தில் தெளிவாக விழுந்ததே இல்லை. ஃபோகஸை இழை இழையாக நகர்த்தி இருபது படம் எடுத்து ஒட்ட வேண்டும். பன்னிரண்டாவதில் வீட்டில் யாராவது கதவைத் தட்டிவிடுகிறார்கள்.