நவம்பரில் வியாபாரம் படுத்ததா, தீபாவளி முன்னால் வந்ததா?

கிருஷ்ணகிரியில் வரி ஆலோசகராக இருக்கும் எனக்கு, மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்குக் காட்டும் கடைக்காரர்களின் ஜிஎஸ்டிஆர்-1 எனும் விற்பனை விவரப் படிவத்தை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால், மாதத்தின் முதல் பத்து நாட்கள் பில் கட்டுகளோடும் கடைக்காரர்களின் மனக்குறைகளோடும்தான் கழிகின்றன. "வியாபாரமே இல்லைங்க சார்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் அமர்பவரின் விற்பனைக் கணக்கு, பல சமயங்களில் வேறொன்றைச் சொல்கிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் வந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், முந்தைய ஆண்டு நவம்பர் விற்பனையில் பாதிகூட இந்த நவம்பரில் இல்லை என்று கலங்கிப்போய், பொங்கல் கொள்முதலைக் குறைத்து, இரண்டு பணியாளர்களையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டார். 2023இல் தீபாவளி நவம்பர் 12 அன்று வந்தது. 2024இல் அக்டோபர் 31 அன்றே வந்துவிட்டது. பண்டிகை விற்பனை முழுவதும் அக்டோபர் கணக்கில் ஏறியிருந்ததைக் காட்டி, இரண்டு மாதங்களையும் சேர்த்துக் கூட்டியபோது, முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. 2025இல் தீபாவளி அக்டோபர் 20க்கு நகர்ந்தபோது அவர் பதறவில்லை.

அதே 2025இல், ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறைப்பு அறிவிக்கப்பட்டு, செப்டம்பர் 22 அன்று ஏசி மீதான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகும் வரை வாடிக்கையாளர்கள் காத்திருந்ததையும் சில கடைக்காரர்கள் மந்தம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அது தள்ளிப்போன விற்பனை. அந்தக் கோடையில் பெங்களூரா மாங்காய் விலை சரிந்து, தோட்டக்காரர்கள் கையில் பணம் புழங்காமல் போனதுதான் உண்மையான மந்தம். அதற்குச் சரக்கு இருப்பைக் குறைப்பது சரி. முந்தையதற்குக் குறைப்பது நட்டம்.

மனநிலையை நம்பி முடிவெடுப்பவர்கள் முதலில் கைவைப்பது விளம்பரச் செலவில்தான். மனம் தெளிந்ததும், கூட்டம் தானாகவே வரும் பண்டிகை வாரத்தில், ரவுண்டானா அருகே பத்தோடு பதினொன்றாக ஒரு ஃப்ளெக்ஸ் கட்டுகிறார்கள். உள்ளாட்சி அனுமதி வாங்காமல் கட்டி, அது அகற்றப்பட்டு, பணம் போனதுதான் மிச்சம் என்று வந்தவர்களும் உண்டு. (ஓராண்டு முழுவதும் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பழைய வழக்கம் என்று இளைய தலைமுறை நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை.) வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலுக்கு 256 பேர்தான் என்பதும், உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்துவைத்தவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும் என்பதும் தெரியாமல், ஊருக்கே தகவல் சொல்லிவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்யப் பைசா செலவில்லை; ஆனால் அங்கே மூன்றாண்டுகளுக்கு முன் மாற்றிய பழைய தொலைபேசி எண்ணே இருக்கும்.

எந்த விளம்பரம் ஆளைக் கொண்டுவருகிறது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஊகமாகவே இருப்பதால், பில் புத்தகத்தின் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்து, புதிதாக வருபவரிடம் "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டு எழுதச் சொல்கிறேன். காவேரிப்பட்டணத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் இரண்டு மாதம் எழுதினார். உள்ளூர் கேபிள் டிவி விளம்பரத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டிவந்தவரின் நோட்டில் கேபிளைப் பார்த்து வந்தவர் ஒருவர்கூட இல்லை. பக்கத்துக்குப் பக்கம் கொத்தனார்கள், பெயிண்டர்கள், பிளம்பர்களின் பெயர்களே இருந்தன. கேபிளை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் கூடுதலாகக் காலண்டர் அச்சடித்து, நோட்டில் பெயர் இருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.