மெய்நிகர் எதிர்கொள்ளல் சிகிச்சை

உளவியலில் 'விர்ச்சுவல் ரியாலிட்டி எக்ஸ்போஷர் தெரபி' என்று வழங்கும் முறைக்கு நான் பரிந்துரைக்கும் தமிழ்ப்பெயர் இது. உயரம், சிலந்தி, விமானப் பயணம் என ஒருவர் எதற்கு அளவுமீறி அஞ்சுகிறாரோ, அதைக் கணினியில் உருவாக்கி, தலையில் மாட்டும் திரைவழியே காட்டிப் படிப்படியாகப் பழக்குவார்கள்.

'எக்ஸ்போஷர்' என்பதைப் பலரும் 'வெளிப்பாடு' என்றே எழுதுகிறார்கள். அது மனதில் உள்ளதைக் கொட்டித் தீர்க்கும் சிகிச்சை போலப் பொருள்படும். இங்கே நடப்பது அதுவல்ல. அஞ்சும் பொருளைவிட்டு விலகினால் அப்போதைக்கு நிம்மதி கிடைக்கும், பயமோ வேரூன்றிவிடும். விலகாமல் நின்றால்தான், எதிர்பார்த்த ஆபத்து வரவில்லை என்பதை மனம் கற்றுக்கொள்ளும். 'எதிர்கொள்ளல்' அதை நேராகச் சொல்கிறது.

அடுத்து, இப்படி அளவுமீறிய அச்சத்துக்கு உளவியலில் வழங்கும் பெயரான 'ஃபோபியா'. மூலம் கிரேக்கத்தின் 'ஃபோபோஸ்'. ஹோமரின் காப்பியத்தில் இச்சொல் பயத்தை மட்டுமல்ல, பயந்து ஓடுவதையும் குறிக்கிறது. நம்மிடமும் அப்படி ஒரு சொல் உண்டு: வெருள். 'மாடு வெருண்டு ஓடியது' என்கிறோமே, அதில் அச்சமும் ஓட்டமும் சேர்ந்தே இருக்கின்றன. 'அச்சம்' தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று, எல்லோர்க்கும் இயல்பானது. அதை நோய்க்குப் பெயராக்க வேண்டாம். 'வெருளி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆனால் அகராதியில் அதற்கு வயலில் நிறுத்தும் புல்லுரு என்ற பொருளும் உண்டு. எனவே 'வெருட்சி' என்பதே என் தேர்வு.

'மெய்நிகர்' ஏற்கெனவே நிலைத்துவிட்டது. மெய் என்றால் உண்மை, உடல் இரண்டும்தான். இந்தச் சிகிச்சைக்கு இரண்டுமே பொருந்தும். 1995இல் வெளியான ஓர் ஆய்வில், அட்லாண்டாவில் உளவியலாளர் பார்பரா ராத்பாம், கணினி அறிவியலாளர் லாரி ஹாட்ஜஸ் குழுவினர் உயர வெருட்சி உள்ள மாணவர்களைக் கணினி வரைந்த கண்ணாடி லிஃப்டிலும் நடைபாலத்திலும் நிற்கவைத்தார்கள். அன்றைய வரைகலை மிகவும் எளியது. பார்த்ததுமே படம் என்று தெரியும். ஆனாலும் வியர்த்தது, நெஞ்சு படபடத்தது, முழங்கால் தளர்ந்தது. சில வாரங்களில் பயம் தெளிவாகக் குறைந்தது.

இப்படிப்பட்ட அமர்வில் சிகிச்சையாளர் அவ்வப்போது 'பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் பயம் எவ்வளவு?' என்று கேட்பார். எண் இறங்கிய பிறகுதான் லிஃப்ட் அடுத்த மாடிக்கு ஏறும்.