யூரியாவைப் பிளக்கும் நொதி

தீவன மக்காச்சோளத்துக்கு யூரியா போடுவதா, அம்மோனியம் சல்பேட்டா என்று பண்ருட்டிப் பக்கம் கறவை மாடு வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், யூரியாவில் 46 சதவீதம், அம்மோனியம் சல்பேட்டில் சுமார் 21. விலையும் யூரியாவுக்கே சாதகம். ஆனால் மூட்டையில் உள்ள தழைச்சத்து முழுவதும் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை.

யூரியாவை வேர் பெரும்பாலும் நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. முதலில் அது அம்மோனியமாக வேண்டும். வெறும் தண்ணீரில் கரைத்து வைத்தால் தானாக உடைய ஆண்டுக்கணக்கில் ஆகும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சுரக்கும் யூரியேஸ் என்ற நொதியோ நொடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைப் பிளந்து தள்ளுகிறது. அதன் நடுவே இரண்டு நிக்கல் அணுக்கள். அவை யூரியாவைப் பிடித்து நிறுத்த, நீர் புகுந்து உடைக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத வேலைப்பாடு இது. மாட்டுக் கொட்டகையில் காலையில் கண்ணைக் கரிக்கும் நெடியும் இந்த நொதியின் கைவரிசைதான்: கோமியத்தின் யூரியா, சாணத்து நுண்ணுயிர்களின் யூரியேஸைச் சந்திக்கிறது.

1926இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர் இதை வாளவரை வகை விதையிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்து, நொதி என்பது புரதமே என்று காட்டினார். பல ஆண்டுகள் பிடித்த வேலை. நோபல் பரிசு வர 1946 ஆனது. உடனடிப் பலன் கேட்டு அடிப்படை ஆய்வுக்கு நிதி மறுப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கொல்லையில் ஈர மண்ணின் மேல் தூவிய யூரியாவுக்கும் கொட்டகையின் கதிதான். குருணையைச் சுற்றிக் காரத்தன்மை ஏற, அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடுகிறது. யூரியாவின் மேலுள்ள வேப்பெண்ணெய்ப் பூச்சு முக்கியமாகத் தடுப்பது அடுத்த கட்டத்தை, அதாவது அம்மோனியமானது நைட்ரேட்டாக மாறிக் கரைந்தோடுவதை. அம்மோனியம் சல்பேட்டுக்கு யூரியேஸே தேவையில்லை. சுண்ணாம்பு இல்லாத செம்மண்ணில் ஆவியிழப்பு மிகக் குறைவு. கூடவே 24 சதவீதம் கந்தகம். கந்தகம் குறைந்தால் பயிர் எடுத்த தழைச்சத்து முழுவதும் புரதமாவதில்லை. ஆனால் தொடர்ந்து போட்டால் மண் புளிக்கும், அதாவது அமிலத்தன்மை ஏறும்.

எந்த உரமானாலும் அளவு மீறினால் ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை மூடாப்பில் வெயில் குறைய, இலை நைட்ரேட்டைப் புரதமாக்க முடியாமல் அடித்தண்டில் தேக்கிவைக்கும். மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட்டாகி இரத்தத்தைப் பழுப்பாக்கிவிடும். உயிர்க்காற்றைச் சுமக்க இரத்தத்துக்கு வலுவிருக்காது. மாடு மூச்சிரைத்துச் சாய்ந்தால் கண்ணேறு கழிக்க நிற்காதீர்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கரும்பச்சையாக நிற்பதெல்லாம் நல்ல தீவனமல்ல. மூடாப்பு நாட்களில் தட்டையை அடியோடு அறுக்காமல் சற்று உயர்த்தி அறுப்பது நல்லது.

வாசகருக்கு என் பதில்: மண் பரிசோதனை சொல்லும் தழைச்சத்தில் பாதியை அடியுரமாக அம்மோனியம் சல்பேட்டில் கொடுங்கள். மீதியை முப்பதாம் நாள் யூரியாவாக வையுங்கள். வைத்த கையோடு மண் அணைத்துத் தண்ணீர் பாய்ச்சிவிடுங்கள்.