இருமும்போது மட்டும் வேலை செய்யும் பட்டை

தும்மினால் இரண்டு சொட்டுச் சிறுநீர், வாய்விட்டுச் சிரித்தால் இன்னும் கொஞ்சம், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் உள்ளாடை முழுக்க ஈரம். பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்கு இது அன்றாடம் நடக்கிறது, சொல்பவர்கள்தாம் குறைவு. பஸ்ஸில் போக வேண்டிய நாளில் காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்ப்பார்கள். கல்யாண வீட்டுக்கு அடர்நிறச் சேலையாகத் தேடுவார்கள். 'மூன்று பிள்ளை பெற்றால் இப்படித்தான்' என்று மூத்தவர்களும் சொல்லிவிடுவதால் மருத்துவரிடம் போகவே தோன்றாமல் ஆண்டுகள் ஓடிவிடும். அந்த மௌனம் எனக்கு வருத்தம் தருகிறது. ஏனென்றால் இந்தக் கசிவு எங்கிருந்து வருகிறது, அதை எப்படி நிறுத்துவது என்பது மருத்துவத்துக்கு இன்று நன்றாகவே தெரியும். சிறுநீர்க் குழாய்க்குக் கீழே வைக்கும் ஒரு சிறு பட்டை அந்த வழிகளில் ஒன்று.

பெண்ணின் சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாயின் நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். அதைச் சுற்றியுள்ள சுருக்குத் தசை, சாதாரண நேரத்தில் குழாயை மூடி வைத்திருக்கிறது. ஆனால் பலமாக இருமும் நொடியில் வயிற்றுக்குள் எழும் அழுத்தம், 100 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்தையும் எளிதில் தாண்டிவிடும். சுருக்குத் தசையால் அதைத் தனியாக எதிர்கொள்ள முடியாது. உதவி கீழேயிருந்து வருகிறது. குழாய் யோனியின் முன்சுவர்மேல் படிந்திருக்கிறது. அந்தச் சுவரும் அதை ஒட்டிய இணைப்புத் திசுவும் இருபக்கமும் இடுப்புத் தளத் தசைகளோடு, அதாவது இடுப்பின் அடியில் தொட்டில்போல உறுப்புகளைத் தாங்கும் தசைகளோடு, கட்டுண்டிருக்கின்றன. இருமல் வரும்போது மேலிருந்து வரும் அழுத்தம் குழாயை இந்தத் தளத்தின்மீது வைத்து நசுக்குகிறது. சிறுநீரை வெளியே தள்ளப் பார்க்கும் அதே அழுத்தம் குழாயின் வாயையும் அடைத்துவிடுகிறது. உடலின் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடுகளில் இது ஒன்று.

அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டிலான்சி, இறந்தோர் உடல்களை நுணுக்கமாக ஆராய்ந்து 1994-இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார். தோட்டத்து ரப்பர் குழாயைச் சிமெண்டுத் தரையில் வைத்து மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். அதையே சேற்றில் வைத்து மிதித்தால் குழாய் சேற்றுக்குள் அமிழுமே தவிர, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பிரசவத்தின்போது இடுப்புத் தளத் தசைகளும் இணைப்புத் திசுவும் நீண்டும் கிழிந்தும் போன பெண்ணுக்கு நேர்வது இந்த இரண்டாவது நிலைதான். உடல் பருமன், ஆண்டுக்கணக்கான இருமல், மலச்சிக்கலில் முக்குவது ஆகியவை தளத்தை மேலும் தளர்த்துகின்றன. சிலருக்குத் தளம் உறுதியாக இருந்தும் சுருக்குத் தசையே வலுவிழந்திருக்கும். அவர்களுக்குச் சிகிச்சை சற்றுக் கடினம்.

இந்த விளக்கம் வருவதற்கு முன்பு அறுவை மருத்துவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். சிறுநீர்ப்பையின் கழுத்து கீழே இறங்கிவிட்டதுதான் கோளாறு, அதை மேலே தூக்கிக் கட்டினால் போதும் என்பது அவர்கள் கணக்கு. 1961-இல் ஜான் பர்ச் விவரித்த அறுவை சிகிச்சை அத்தகையது. வயிற்றைத் திறந்து, கழுத்தின் இருபக்கமும் யோனிச் சுவரில் தையல் போட்டு, பூப்பெலும்பை (அடிவயிற்றின் கீழே முன்பக்கம் இருக்கும் எலும்பு) ஒட்டிய உறுதியான தசைநாரோடு சேர்த்துக் கட்டுவார்கள். வயிற்றுத் தசையை மூடியிருக்கும் உறையிலிருந்து ஒரு கீற்றை வெட்டியெடுத்து, சிறுநீர்ப்பைக் கழுத்துக்குக் கீழே கொடுத்துத் தாங்க வைக்கும் முறையும் இருந்தது. ஸ்லிங் என்று மருத்துவர்கள் சொல்வதன் பழைய வடிவம் அதுதான். நோயாளியின் சொந்தத் திசு என்பதால் உடல் அதை ஏற்றுக்கொள்ளும். 655 பெண்களிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இருமல் தும்மலால் வரும் கசிவு ஈராண்டுக்குப் பிறகும் நின்றிருந்தது சொந்தத் திசுப் பட்டை வைத்தவர்களில் 66 சதவீதம், பர்ச் முறையில் 49 சதவீதம். ஆனால் பட்டை வைத்தவர்களில் 14 சதவீதத்தினர் சிறுநீரை முழுமையாக வெளியேற்றச் சிரமப்பட்டார்கள். மற்றவர்களில் அது 2 சதவீதம். தாங்குதல் கூடினால் அடைப்பும் கூடும் என்ற சிக்கல் இந்த எண்களிலேயே தெரிகிறது.

அந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர்கள் ஆஸ்திரேலியாவின் பீட்டர் பெட்ரோஸும் ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டெனும். கசிவு ஏன் வருகிறது என்பது பற்றிய தங்கள் கோட்பாட்டை 1990-இல் வெளியிட்டார்கள். அதன் அடிப்படையில் உல்ம்ஸ்டெனும் அவருடைய குழுவினரும் வடிவமைத்த அறுவை முறையின் முடிவுகள் 1996-இல் வந்தன. அதில் இரண்டு மாற்றங்கள் இருந்தன. பட்டையைச் சிறுநீர்ப்பைக் கழுத்தில் வைக்காமல் குழாயின் நடுப்பகுதிக்குக் கீழே வைத்தார்கள். அதை இழுத்துக் கட்டாமல் தளர்வாக விட்டார்கள். என்னைப் பொறுத்தவரை உண்மையான கண்டுபிடிப்பு இந்த இரண்டாவதுதான். பட்டை ஓய்வு நேரத்தில் குழாயைத் தொடாமலோ லேசாகத் தொட்டோ கிடக்கும். இருமும்போது குழாய் கீழே இறங்கிப் பட்டையில் மோதி, மடிந்து, மூடிக்கொள்ளும். இருமல் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். சிறுநீர் கழிக்கும் நேரத்தில் பட்டை குறுக்கே நிற்பதில்லை.

அறுவை சிகிச்சை அரை மணி நேர வேலை. யோனியின் முன்சுவரில் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய சிறு கீறல், பூப்பெலும்புக்கு மேலே தோலில் இரண்டு சிறு துளைகள். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிக அகலமுள்ள பாலிப்ரொப்பிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) வலைப்பட்டையை, வளைந்த ஊசியின் உதவியால் கீழிருந்து பூப்பெலும்பின் பின்பக்கமாக மேலே கொண்டுவருவார்கள். ஊசி சிறுநீர்ப்பையை மிக நெருங்கிக் கடந்து போவதால், அதைத் துளைத்துவிடவில்லை என்பதை உறுதிசெய்ய, உள்ளே கேமராக் குழாய் செலுத்திப் பார்ப்பார்கள். துளைத்திருந்தால் அப்போதே வெளியே எடுத்து மறுபடி செலுத்தலாம். கண்டுகொள்ளாமல் விடுவதுதான் ஆபத்து. பட்டையின்மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையை உருவும்போது பட்டை இறுகிவிடாதபடி, அதற்கும் குழாய்க்கும் நடுவே ஒரு கத்தரிக்கோலை வைத்துக்கொள்வது வழக்கம். தொடக்க காலத்தில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, நோயாளியையே இருமச் சொல்லி, கசிவு நிற்கும் அளவுக்குப் பட்டையைச் சரிசெய்தார்கள். தையல் எதுவும் பட்டையைப் பிடித்து நிறுத்துவதில்லை. சொரசொரப்பான விளிம்புகள் முதலில் திசுவைப் பற்றிக்கொள்ளும். பிறகு வலையின் துளைகளுக்குள் கொலாஜன் என்ற உடலின் நார்ப்புரதம் வளர்ந்து அதை நிலைநிறுத்தும்.

ஊசி சிறுநீர்ப்பைக்கு அருகே போக வேண்டியதில்லை என்ற நோக்கத்தில், 2001-இல் பிரான்சின் இம்மானுவேல் டெலோர்ம், இடுப்பெலும்பில் தொடைப்பக்கம் இருக்கும் திறப்பின் வழியாகப் பட்டையைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். 597 பெண்களிடம் இரண்டு பாதைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2010-இல் வெளியானது. ஓராண்டுக்குப் பிறகு சோதனைகளின்படி வெற்றி 80.8 சதவீதமும் 77.7 சதவீதமும், கிட்டத்தட்டச் சமம். பக்கவிளைவுகள்தாம் வேறுபட்டன. பூப்பெலும்புப் பாதையில் 2.7 சதவீதத்தினருக்குச் சிறுநீர் போகாத சிரமத்துக்காக மறு அறுவை தேவைப்பட்டது; மற்றதில் யாருக்கும் இல்லை. தொடைப் பாதையில் மரத்துப்போதல், பலவீனம் போன்ற நரம்புத் தொந்தரவுகள் 9.4 சதவீதம், மற்றதில் 4 சதவீதம்.

வலையின் துளை அளவு மருத்துவருக்கு மட்டும் உரிய விவரம் என்று தோன்றலாம். அதை நோயாளியும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. துளைகள் 75 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் இருந்தால், கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்கள் உள்ளே நுழைய முடியும், திசுவும் வளரும். நெருக்கமாக முறுக்கிய பல இழைகளால் நெய்த பட்டைகளில், இழைகளின் இடுக்குகளுக்குள் பாக்டீரியாக்கள் போய்விடும், அவற்றைத் துரத்திக்கொண்டு வெள்ளை அணுக்களால் போக முடியாது. அத்தகைய பட்டைகள் சில, சீழ்ப்பிடித்து வெளியே வந்தன. இன்று பயன்படுபவை ஒற்றை இழையில் பின்னிய, துளை அகன்ற வலைகள். அவையும் சிலருக்கு யோனிச் சுவரை அரித்து வெளியே தெரிகின்றன. சிலருக்குத் தீராத வலி தருகின்றன. திசு வலைக்குள் வளர்ந்து பிணைவதால்தான் பட்டை வேலை செய்கிறது. அதே காரணத்தால் அதை முழுவதும் அகற்றுவது மிகக் கடினம்.

பிரிட்டனில் இத்தகைய வலியோடு வாழ்ந்த பெண்கள் பல ஆண்டுகள் பேசினார்கள். பலரை மருத்துவர்கள் நம்பவில்லை. 2018 ஜூலையில் இங்கிலாந்தில் இந்தப் பட்டைகளின் பயன்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான ஆய்வுக் குழு 2020-இல் தந்த அறிக்கை, எந்த நோயாளிக்கு எந்தப் பொருள் பொருத்தப்பட்டது என்ற பதிவேடு வேண்டும் என்றது. அமெரிக்காவில் 2019-இல் விற்பனை தடுக்கப்பட்டது, கருப்பை இறக்கத்துக்கும் சிறுநீர்ப்பை இறக்கத்துக்கும் யோனி வழியாக வைக்கும் பெரிய வலைத் துண்டுகளுக்குத்தான். கசிவுக்கான குறுகிய பட்டை அந்தத் தடையில் சேரவில்லை. செய்திகளில் இரண்டும் அடிக்கடி குழம்பிப்போகின்றன. பட்டை வைத்துக்கொண்ட ஒரு குழுவை வட ஐரோப்பிய மருத்துவர்கள் 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, பரிசோதிக்க முடிந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் கசிவின்றி இருப்பதைக் கண்டார்கள். அந்த 90 சதவீதமும் உண்மை, வலியில் வாடிய பெண்களின் சாட்சியமும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் மருத்துவர் நோயாளிக்கு நியாயம் செய்யவில்லை.

அறுவைக்கு முன் செய்ய வேண்டியது இடுப்புத் தளப் பயிற்சி. 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னல்ட் கெகல் அறிமுகப்படுத்தியது. சிறுநீரை அடக்குவதுபோலத் தசையை இறுக்கித் தளர்த்துவது, ஒரு முறைக்கு குறைந்தது 8 தடவை, நாளுக்கு 3 முறை, குறைந்தது 3 மாதம், பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில். நெதர்லாந்தில் 460 பெண்களிடம் நடந்த ஆய்வு 2013-இல் வந்தது. முன்னேற்றம் கண்டதாகச் சொன்னவர்கள் பயிற்சிக் குழுவில் 64 சதவீதம், அறுவைக் குழுவில் 91 சதவீதம். ஓராண்டுக்குள் பயிற்சிக் குழுவினரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அறுவைக்கு மாறிக்கொண்டார்கள். மீதிப் பாதிக்குக் கத்தியே தேவைப்படவில்லை என்பதையும் அதிலிருந்தே படிக்க வேண்டும்.

அவசரமாக வந்து, கழிப்பறையை எட்டுவதற்குள் போய்விடும் கசிவு வேறு வகை. அங்கே சிறுநீர்ப்பைத் தசை நேரம் தவறிச் சுருங்குகிறது. பட்டை அதற்கு மருந்தாகாது, சில நேரம் அதைக் கூட்டவும் செய்யும். இரண்டும் கலந்திருந்தால் எது அதிகம் தொந்தரவு தருகிறது என்பதை மருத்துவரிடம் பிரித்துச் சொல்ல வேண்டும். இன்னும் பிள்ளை பெற விரும்பும் பெண்கள் பொதுவாகக் காத்திருப்பார்கள், ஏனெனில் அடுத்த கர்ப்பமும் பிரசவமும் பட்டையின் பலனைக் கெடுக்கக்கூடும். பட்டை வைத்த பிறகு சிறுநீர் சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தாலோ முக்கிக் கழிக்க வேண்டியிருந்தாலோ உடனே போய்க் காட்ட வேண்டும். முதல் ஓரிரு வாரங்களுக்குள், கொலாஜன் இறுகிப் பிடிப்பதற்கு முன், பட்டையைத் தளர்த்துவது சுலபம்.