டெம்ப்ளேட் – வார்ப்புரு

ஸ்டோரிபோர்டு என்பது படத்தின் காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைந்து வைப்பது. அதற்கான மென்பொருளில் ஒரு கதாபாத்திரத்தை வரைந்து நூலகப் பலகத்துக்குள் இழுத்துப் போட்டுவிட்டால், அது டெம்ப்ளேட் ஆகிவிடுகிறது. அதே ஆள் அடுத்த காட்சியிலோ அடுத்த படத்திலோ வரும்போது மறுபடி வரைய வேண்டாம். அங்கிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். டூன் பூம் நிறுவனத்தின் ஸ்டோரிபோர்டு ப்ரோ மென்பொருளில் இந்தப் பெயர்தான் இருக்கிறது. நாமும் தமிழில் பேசும்போது டெம்ப்ளேட் என்றே சொல்கிறோம். இதற்கு வார்ப்புரு என்று ஒரு தமிழ்ச் சொல் உண்டு. அது எவ்வளவு பொருத்தமானது என்று எனக்குத் தெரிந்ததே ஒரு தப்பு செய்த பிறகுதான்.

மூன்று அத்தியாயம் கொண்ட ஒரு சிறு தொடர். அதில் மீனா என்று ஒரு சிறுமி, மூக்குக்கண்ணாடி போட்டவள். முதல் அத்தியாயத்தின் பேனல்கள், அதாவது காட்சிக் கட்டங்கள், எல்லாம் முடிந்தபிறகு, கண்ணாடி வேண்டாம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். சரி, நூலகத்தில் இருக்கும் மீனாவைத் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறிவிடும் என்று நினைத்துத் திருத்தினேன். அப்புறம் பழைய பேனல்களைத் திறந்தால், அத்தனையிலும் மீனா கண்ணாடியோடுதான் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொன்றாக உட்கார்ந்து அழித்தேன்.

மென்பொருள் மேல் குற்றமில்லை. நூலகத்திலிருந்து பேனலுக்கு வருவது நகல். வந்து விழுந்த கணத்திலேயே மூலத்தோடு அதற்கு உறவு முடிந்துவிடுகிறது. பேனலில் மீனாவின் கையை மாற்றினால் நூலகத்து மீனாவுக்கு ஒன்றும் ஆகாது. நூலகத்தில் மாற்றினால் பேனலுக்கு ஒன்றும் ஆகாது.

டெம்ப்ளேட் என்ற ஆங்கிலச் சொல்லில் இந்தச் செய்தி இல்லை. 17ஆம் நூற்றாண்டில் அது டெம்ப்லெட். கட்டடத்தில் உத்திரத்துக்கு அடியில் வைக்கும் கட்டையைக் குறித்தது. தறியில் துணி சுருங்காமல் அகலத்தைப் பிடித்துவைக்கும் கருவிக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது சொல்லாய்வாளர்கள் கருத்து. வெட்டுவதற்கும் செதுக்குவதற்கும் அளவாக வைத்துக்கொள்ளும் தகடு என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. தகட்டைக் குறிக்கும் 'பிளேட்' என்ற சொல்லின் சாயலில் எழுத்தும் 19ஆம் நூற்றாண்டில் மாறி, இன்றைய டெம்ப்ளேட் ஆயிற்று. ஆக, தறியும் உத்திரமும் தகடும் கலந்த சொல் இது. அளவு என்பது மட்டும் அதில் தெரிகிறது, மற்றதை நாமே ஊகிக்க வேண்டும்.

தமிழில் பலரும் முதலில் நீட்டுவது 'மாதிரி'. ஆனால் அந்தச் சொல்லுக்கு இந்தத் தொழிலில் வேறு வேலை இருக்கிறது. கணினிக்கு முன்பே, 1930களில் டிஸ்னி கூடத்தில் கதாபாத்திர மாடல்களுக்கென்று தனித் துறை இருந்தது. ஒரே ஆளை முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என்று வரைந்த மாடல் ஷீட்டைப் பார்த்துப் பார்த்துப் பலரும் வரைந்தார்கள். அதுதான் மாதிரித் தாள். மாதிரி, எப்படி வரைவது என்று காட்டும். வரைய வேண்டியது நாம். டெம்ப்ளேட் வரைந்ததையே கொடுத்துவிடும். மேலும், 'மீனா மாதிரிக் கோப்பு' என்று எழுதினால் அது மீனாவைப் போன்ற வேறு யாரோ என்றும் படிக்கலாம்.

'அச்சு' நல்ல சொல். ஆனால் 'அச்சுக் கோப்பு' என்றால் பிரிண்ட் எடுக்கும் கோப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். 'படிவம்' என்றதும் பேனாவை எடுத்து நிரப்பத் தோன்றும்.

வார்ப்புரு இரண்டு சொற்களின் கூட்டு. வார்த்தல் என்றால் ஊற்றுதல். உலோகத்தை உருக்கி ஊற்றி மணி செய்வதும் அச்செழுத்து செய்வதும் வார்ப்பு. உரு என்பது வடிவம். அச்சில் வார்த்தாற்போல் இருக்கிறான் என்று சொல்கிறோமே, அந்த வார்ப்புதான். ஒரே அச்சில் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் வார்க்கலாம். வார்த்து ஆறிய எழுத்து அச்சை விட்டுப் பிரிந்து போய்விடும். பிறகு அச்சைச் செதுக்கி மாற்றினால் இனி வார்ப்பவைதான் மாறும், ஏற்கெனவே போனவை போனவைதான். மீனாவின் கண்ணாடிக்கு நடந்தது இதேதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல்லைப் பலருக்கும் அறிமுகப்படுத்திய தமிழ் விக்கிப்பீடியாவில் அது கொஞ்சம் இடிக்கிறது. அங்கே ஒரு வார்ப்புருவைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் பக்கங்கள் எல்லாம் சேர்ந்தே மாறும். வார்த்து ஆறிய மணி தானாக உரு மாறுவது போல! வழக்கில் நிலைத்துவிட்ட சொல், இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படிக் கூடவே மாறும் வகை அசைபட (அனிமேஷன்) மென்பொருளிலும் உண்டு. அடோபி அனிமேட்டில் அதற்குச் சிம்பல் என்று பெயர். சிம்பலைத் திருத்தினால், அந்தக் கோப்பில் அதை வைத்த இடமெல்லாம் மாறும். அதையும் வார்ப்புரு என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை. ஆள் அசைந்தால் நிழலும் அசையும் என்பதால், வைத்த இடங்களில் இருப்பவற்றை நிழல் என்றும் மூலத்தை உரு என்றும் நான் சொல்லிக்கொள்கிறேன். யாரும் இதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு பொருத்தம். 'கேரக்டர்' என்ற சொல்லே கிரேக்கத்தில் பொறிப்பு, முத்திரை என்ற பொருளில் இருந்ததுதான். நாணயத்தில் பதிக்கும் முத்திரையையும் குறித்தது. ஆக, கேரக்டரை வார்ப்புருவில் வைப்பது பழைய தொழிலுக்கே திரும்புவது மாதிரி.

பொருளை இப்படிப் பிடித்துக்கொண்டால், கோப்புகளை எங்கே வைப்பது என்பதும் தெளிவாகும். வார்ப்புருவை ஒரு படத்தின் கோப்புறைக்குள்ளேயே வைத்தால், அந்தப் படத்தை வேறு வட்டுக்கு ஒதுக்கிவைக்கும் நாளில் ஆளும் கூடவே போய்விடுவான். பல படங்களுக்கும் பொதுவான ஆட்களுக்கு வெளியே தனி நூலகக் கோப்புறை வேண்டும். ஆளுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் நிற்கும் கோணங்கள், முகபாவங்கள், கைகள் என்று பிரித்திருக்கிறேன். ஸ்டோரிபோர்டுக்கு அதற்கு மேல் தேவைப்படுவதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக வரையும் அடுக்குகளுக்கு (லேயர்) மட்டும் தலை, கண்ணாடி, உடல் என்று பெயர் வைத்துவிடுங்கள். கண்ணாடி தனி அடுக்காக இருந்திருந்தால் அன்றைக்கு ஒரு சொடுக்கில் மறைத்திருப்பேன்.

கோப்புப் பெயரில் 'புதியது', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று போடுவதை விட்டுவிட்டேன். ஆள் பெயர், அடையாளம், தேதி: 'மீனா_கண்ணாடி இல்லாமல்', பின்னால் தேதி. திருத்தியதும் பழையதை அழிப்பதில்லை. 'பழைய வார்ப்பு' என்ற கோப்புறைக்குள் தள்ளிவிடுகிறேன்; முதல் அத்தியாயத்தில் யாராவது ஒரு பேனல் கூடுதலாகக் கேட்டால், அங்கே எந்த மீனா இருந்தாள் என்று பார்க்க வேண்டியிருக்கும்.